ஒரு வண்டியின் வமிச வரலாறு

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1928. வந்த புகையிரதம் நகரத்தோடு நின்றுவிட்டது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டாய்த் தெற்கு நோக்கி நீளும் எழுவான்கரையிலே, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என நிரையாகக் கிடக்கும் ஊர்களுக்குத் தண்டவாளம் இன்றுவரை எட்டவில்லை. அவ்வூரார் எங்குச் செல்வதாயினும் கல்முனை நெடுஞ்சாலையே வழி. பிரசவத்துக்குப் போவதும் அவ்வழியால்; மாப்பிள்ளை கேட்கப் போவதும் அவ்வழியால்; வெளிநாடு செல்லும் பிள்ளையைக் கண்ணீரோடு அனுப்பிவைப்பதும் அவ்வழியால்தான்.

ஆகவே, கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கிய தேற்றாத்தீவிலே, 'வான்' என்னும் வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. மணல் நிலத்தில் மரக்கறியும் வெற்றிலையும் விளைவிக்கும் ஒரு குடும்பம் சொந்தமாக வான் வைத்திருப்பது அருமை. ஆனால் 'வான் பிடிக்காத' குடும்பம் ஒன்றேனும் அவ்வூரில் இருக்குமென நாம் நம்பவில்லை. குதிரை பிடிப்பது போலவும் மீன் பிடிப்பது போலவும் வான் பிடிப்பது என்ற தொடர் எம்மவர் பேச்சில் நிலைத்துவிட்டது. அவ்வாறு பிடிக்கப்படும் வண்டிகளுள் பெரும்பான்மையான ஒன்றின் வமிசத்தைத்தான் இங்குச் சொல்லப் புகுந்தோம். அது யப்பான் நாட்டு ரொயோட்டா நிறுவனத்தின் 'ஹை-ஏஸ்'. 1967 முதல் 2019 வரை ஆறு தலைமுறை கண்ட வண்டி அது.

ஏன் கார் போதவில்லை என்று கேட்கலாம். ஒஸ்ரினும் மொறிசும் ஓடிய நாட்களில் ஐவர் அமர்ந்தால் கார் நிறைந்துவிடும். மட்டக்களப்பாரின் குடும்பமோ ஐவரில் அடங்குவதில்லை. தாய்வழி மரபு வேரூன்றிய நாடு இது. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு வரவழைத்து, தாயின் வளவைச் சுற்றிலும் பெண் மக்களின் வீடுகள் எழும் வழக்கம் இங்குண்டு. அத்தகைய வளவிலிருந்து ஒரு பயணம் புறப்படுமாயின் அம்மம்மா, பெண் மக்கள் மூவர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், இடியப்பப் பெட்டி, தண்ணீர்க் கான், பாய், தலையணை யாவும் சேர்ந்தே புறப்படும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், பின்னர் மண்டூர், கொக்கட்டிச்சோலை, கதிர்காமம் என்று ஆண்டு முழுவதும் காரணங்களுக்கும் குறைவில்லை. 1958 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. ஆயினும் பஸ்ஸானது தன் நேரத்துக்கு வரும், தன் தரிப்பில் நிற்கும். அம்மம்மாவின் நேரத்துக்கு அது நிற்காதன்றோ?

இனி வண்டியின் முன்னோரைப் பார்ப்போம். சரக்கேற்றும் பெட்டிக்குள் ஆட்களையும் வசதியாக இருத்தலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பிய பெருமை ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனத்துக்குரியது. ஒல்லாந்து நாட்டு வாகன வணிகர் பென் பொன் என்பவர் 1947 ஆம் ஆண்டில் தமது குறிப்பேட்டில் ஒரு பெட்டி போன்ற வண்டியைக் கீறிக் காட்டினார். 1950 ஆம் ஆண்டில் அது வீதிக்கு வந்தது. அவ்வண்டிக்கு எந்திரம் பின்புறத்தில். யப்பானியர் எடுத்த வழி வேறு. 1967 ஆம் ஆண்டு ஒற்றோபரில் வெளிவந்த முதலாவது ஹை-ஏசிலே எந்திரம் முன் ஆசனங்களின் அடியில் வைக்கப்பட்டது. சாரதி முன் சில்லுகளின் மேல் அமர்ந்தார். மூக்கென்று ஒன்று இல்லாமையால் வண்டியின் நீளம் முழுவதும் ஆளுக்கும் பொருளுக்கும் எஞ்சியது. இந்த ஒரு தீர்மானம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வண்டியின் குணத்தையும் குற்றத்தையும் வகுத்துவந்தது.

அமெரிக்காவில் குடும்ப வான் பிறந்த கதை இதற்கு எதிர்மாறானது. 1983 இன் இறுதியில் கிறைஸ்லர் நிறுவனம் வெளியிட்ட வண்டியும், அடுத்த ஆண்டில் பிரான்சின் ரெனோ வெளியிட்ட எஸ்பாஸ் என்னும் வண்டியும் காரிலிருந்து வளர்ந்தவை. எந்திரம் மூக்கில் இருக்க, முன் சில்லுகள் இழுத்துச் செல்பவை. எங்கள் வானோ சரக்கு வண்டியின் வயிற்றில் பிறந்தது. அதன் பின் அச்சின் கீழ் வில்லுத் தகடுகள் அடுக்கப்பட்டிருப்பதும், ஆளின்றி ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடுவதும், பன்னிருவர் ஏறியதும் தொட்டிலாய் மாறுவதும் அப்பிறப்பின் பயன்.

முதற் தலைமுறை பிறந்த நாட்களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவியது; வாகன இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இரண்டாந் தலைமுறை வெளிவந்தது 1977 பெப்ரவரியில். அவ்வாண்டின் பிற்பகுதியிலே இலங்கையில் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயல்தான். ஆயினும் வான் இந்நாட்டில் பரவியதற்கு அதுவே வாசல். அதற்குத் துணையாக இன்னொன்றும் இருந்தது. யப்பானியரும் எம்மைப் போலவே வீதியின் இடப்புறத்தில் செல்பவர்கள். சுக்கான் வலப்புறத்தில், வழுக்கித் திறக்கும் கதவு இடப்புறத்தில், அதாவது வீதியோரத்தில். அங்கே சில ஆண்டுகள் ஓடிய வண்டியைக் கப்பலேற்றி இங்கே இறக்கினால் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. கதவில் எழுதியிருந்த யப்பானிய எழுத்துக்களைக்கூடப் பலர் மாற்றவில்லை. யாரோ ஒரு மீன் கடைக்காரரின் பெயரையோ தச்சுப் பட்டறையின் பெயரையோ சுமந்துகொண்டு அவ்வண்டிகள் எமது கோவில் வாசல்களில் நின்றிருக்கக்கூடும்; வாசிக்கத் தெரிந்தவர் இல்லாதது ஒருவகையில் நன்மையே.

மூன்றாவது தலைமுறை 1982 டிசம்பரிலே பிறந்தது. இலங்கை வாகன வணிகர் வாயில் இதற்கு 'ஷெல்' என்று பெயர். அதற்கு அடுத்த ஆண்டு யூலை மாதத்தில் இந்நாட்டில் நிகழ்ந்ததை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பின் வந்த இருபத்தாறு ஆண்டுகளின் போரிலே இவ்வண்டிகளின் கதையும் கலந்து கிடக்கிறது. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பொதியைத் தலையில் வைத்து நடந்து, மறுபுறத்தில் மீண்டும் ஏறிய நாட்களைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆசனங்கள் தூக்கிப் பார்க்கப்பட்டன. கால்விரிப்புக்கள் உரித்துப் பார்க்கப்பட்டன. கொழும்புக்கு ஒரு பகலில் சென்ற வண்டி இரண்டு நாளில் சென்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாது கடந்துசெல்ல மனம் ஒப்பவில்லை. யப்பானில் சரக்கு வான்களுக்கு வெள்ளை நிறமே வழக்கம். மலிவான நிறம் அது. வேறு காரணம் இல்லை. அவ்வெள்ளை நிறத்தோடு இந்நாட்டுக்கு வந்த வண்டி, 1980களின் இறுதியில் தெற்கிலும், 2006 இன் பின்னர் வடக்குக் கிழக்கிலும் தலைநகரிலும், ஆட்களைக் கொண்டுசெல்லும் அடையாளமற்ற வண்டியாயிற்று. 'வெள்ளை வான்' என்ற இரு சொற்கள் மூன்று மொழியினருக்கும் அச்சத்தின் பெயராயின. கொண்டுசெல்லப்பட்டோருட் பலர் திரும்பவேயில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஒன்றை அமைக்கும் சட்டம் 2016 இல் நிறைவேறியது; கிழக்கிலங்கைத் தாய்மார் பலர் இன்னும் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு விடைக்காகக் காத்திருக்கின்றனர். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வெள்ளை வானைக் கண்டு படலையடியில் ஒரு கணம் உறைந்து நிற்கும் முதியவளை எவரேனும் கண்டால் காரணம் கேட்க வேண்டாம்.

நாலாவது தலைமுறைக்கு வருவோம். எழுவான்கரையின் வான் என்றால் இதுவே. 1989 ஓகஸ்டில் யப்பானில் வெளிவந்தது. 2004 வரை, பதினைந்து ஆண்டுகள், அதே உருவில் நிலைத்தது. இலங்கையில் இதன் பெயர் 'டொல்பின்'. மழுங்கிச் சரிந்த அதன் முகத்தைப் பார்த்தவர்க்கு இப்பெயர் ஏனென்று விளக்க வேண்டியதில்லை. தமிழில் ஓங்கில் என்று நல்லதொரு சொல் அப்பிராணிக்கு உண்டு. 'ஓங்கில் வான்' என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதில் எமக்குச் சிறிது வருத்தமே. மீன் பாடும் நாட்டிலாவது சொல்லியிருக்கலாம்.

டொல்பினின் சிறப்பு அதன் எந்திரத்தில் இருந்தது. இவ்வண்டிகளின் குறியீட்டை வாசிக்கும் முறை எளிது, பலர் அறியாதது. முதலெழுத்து எந்திரத்தின் குலத்தைக் குறிக்கும். 'எச்' என்பது ஹை-ஏசைக் குறிக்கும். எனவே எல்.எச். என்றால் 'எல்' குலத்து டீசல் எந்திரம் பூட்டிய ஹை-ஏஸ். அக்குலத்தில் 2.2 லீற்றரில் தொடங்கி, 2 எல் என்ற 2.4 லீற்றர், 3 எல் என்ற 2.8 லீற்றர், 5 எல் என்ற 3 லீற்றர் என எந்திரங்கள் பெருத்துக்கொண்டே வந்தன. அவற்றில் 3 எல்லைப் புகழாத மெக்கானிக்கை நாம் இன்னும் சந்திக்கவில்லை. ஏறத்தாழ 90 குதிரைவலுதான், காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ கிடையாது, மின்கணினி ஒன்றுமில்லை. எண்ணெயைப் பீச்சும் பம்பு முழுவதும் இரும்பும் வில்லும் பற்சில்லுமாய் அமைந்தது. சாவிக் கட்டும் பொறுமையும் உள்ள ஒருவர் ஒரு மாமரத்து நிழலில் அதைத் திருத்திவிடலாம். போர்க்காலத்துக் கிழக்கிலே, உதிரிப்பாகம் வருவதும் பாதை திறப்பதும் உறுதியற்றிருந்த நாட்களில், அந்த எளிமை பெரும் பேறாயிற்று.

குறையும் இல்லாமலில்லை. மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவிலே நிறைந்த டொல்பின் முனகுவதைக் கேட்டவர் மறவார். எந்திரம் ஆசனத்தின் அடியில் இருப்பதால் முன்னால் அமர்ந்தவருக்குச் சூடு. நீர் ஊற்ற வேண்டுமாயின், எண்ணெய் பார்க்க வேண்டுமாயின், ஆசனத்தையே தூக்க வேண்டும். கதிர்காமத்துக்குச் செல்லும் வழியில், பொத்துவிலுக்கும் மொனறாகலைக்கும் இடையே, சாரதி வண்டியை ஓரங்கட்டி, "மனே, கொஞ்சம் எழும்புங்க" என்று பணிவாகச் சொல்லும்போது, முன்னாசனத்தை உரிமையோடு பிடித்து வந்த மாமா மடியிலிருந்த பிள்ளையோடும் பழச் சீப்போடும் இறங்கி வெயிலில் நிற்பார். அந்த ஆசனத்தின் பெருமை அவ்வளவுதான்.

கியர்த் தடியின் பயணத்தை மட்டும் எழுதினாலே ஒரு கட்டுரை ஆகும். பழைய வான்களில் அது சுக்கானின் கழுத்தில் இருந்தது. முன்னால் மூவர் அமர்வதற்காக அந்த ஏற்பாடு. உயர்வகைகளில் தரைக்கு இறங்கியது. ஐந்தாந் தலைமுறையில் முன்தட்டுக்கு ஏறிவிட்டது. உட்புறமோ வகைக்கு வகை மாறும். 'சுப்பர் கஸ்ரம்' எனப்பட்ட உயர்வகையில் நடு ஆசனங்கள் சுழன்று பின்னோக்கித் திரும்பும். குடும்பத்தார் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிச் செல்லலாம். அவ்வாறு பார்த்துச் செல்வதை எல்லாக் குடும்பங்களும் விரும்புமா என்பது வேறு விடயம்.

இன்னொரு புதிரையும் இங்கு அவிழ்த்துவிடலாம். இத்தனை ஆண்டுகளாகியும் இவ்வண்டி ஏன் அகலிக்கவில்லை? விடை யப்பானின் வாகனச் சட்டத்தில் உண்டு. நீளம் 4.7 மீற்றர், அகலம் 1.7 மீற்றர், உயரம் 2 மீற்றர் என்ற அளவுக்குள் அடங்கும் சரக்கு வண்டிக்கு அங்கே சிறிய வாகனத்துக்குரிய சலுகை கிடைக்கும். பெற்றோல் எந்திரத்துக்கு 2 லீற்றர் என்ற எல்லை உண்டு. டீசலுக்கு அவ்வெல்லை இல்லை. ஆதலின் பெரிய டீசல் எந்திரத்தை வைத்து, உடலை மட்டும் ஒடுக்கி அமைத்தனர். யப்பானின் குறுகிய தெருக்களுக்காக ஒடுங்கிய அவ்வண்டி, தேற்றாத்தீவின் வேலியோர ஒழுங்கைகளில் இலகுவாய் நுழைந்தது. 1924 இல் கட்டப்பட்டு, ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களையே அனுமதித்த கல்லடி லேடி மன்னிங் பாலத்திலும் அது நெருக்கமின்றிச் சென்றது.

ஐந்தாந் தலைமுறை 2004 ஓகஸ்டில் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி எமது கரையை அழித்தது. அன்று நெடுஞ்சாலையில் ஓடத்தக்க நிலையிலிருந்த வண்டி எதுவாயினும் அம்புலன்சாயிற்று. அவற்றுள் பழைய டொல்பின்கள் எத்தனையோ. புதிய தலைமுறை கிழக்கில் பெருகியது 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரே. நெடுஞ்சாலை விரிந்தது. கல்லடியில் புதுப்பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும், பாதைப் படகில் வண்டியை ஏற்றிப் படுவான்கரைக்குச் சென்ற காலம் அத்துறையில் முடிந்தது. எழுவான்கரையார் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரரைக் காணப் பயணப் பையில் படகு நேரத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

இப்புதிய வண்டிக்குத் தனிப்பெயர் சூட்டும் கற்பனை எவருக்கும் எழவில்லை போலும். குறியீட்டெழுத்தையே பெயராக்கி 'கே.டி.எச்.' என்றனர். 'கேடி' குலத்து எந்திரம் பூட்டிய ஹை-ஏஸ் என்பது அதன் பொருள். முதலில் 2.5 லீற்றர், பின் 3 லீற்றர். 130 குதிரைவலுவுக்கு மேல். டேர்போ உண்டு, பொதுக்குழாய் ஒன்றில் மிகுந்த அழுத்தத்தோடு டீசலைத் தேக்கி, கணினியின் கட்டளைப்படி துளித்துளியாகப் பீச்சும் முறை உண்டு. பதினெட்டு வளைவு அதற்கு ஒரு பொருட்டன்று. ஆயின் கலப்பட டீசலும் மண்ணெண்ணெய்க் கலவையும் அதன் நுண்ணிய பீச்சிகளைக் கெடுத்துவிடும். கெட்டதை மாமரத்து நிழலில் திருத்த இயலாது. கணினியோடு இணைத்துப் பார்க்கும் கராச்சுக்குத்தான் போக வேண்டும். வேகமும் குளிரும் வேண்டுபவர்க்குக் கே.டி.எச்.; வருமானம் நிச்சயமற்ற ஒரு வாடகைச் சாரதிக்கு நல்ல நிலையிலுள்ள டொல்பினே மேல் என்பது எமது துணிபு. நோவாவும் வனெற்றும் கரவனும் டெலிக்காவும் இவற்றோடு போட்டியிட்டன. ஆயினும் அம்மம்மாவின் முழு வளவையும் ஏற்றுவதில் அவற்றுட் சில தோற்றன. சில ஏற்றிய பின் களைத்தன.

ஆறாவது தலைமுறை 2019 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் மணிலாவில் வெளியிடப்பட்டது. அதில்தான் ஐம்பது ஆண்டு விதி மாறியது. எந்திரம் ஆசனத்தின் அடியிலிருந்து வெளியேறி முன்னே நகர்ந்தது. வண்டிக்கு மூக்கு முளைத்தது. மோதல் நேரும்போது முதலில் நசுங்குவதற்கு ஒரு பகுதி முன்னால் இருக்க வேண்டும் என்பதே இம்மாற்றத்தின் முக்கியமான பயன். பழைய வண்டிகளில் அந்தப் பகுதி சாரதியின் முழங்கால்தான். வியப்பென்னவெனில் யப்பானில் உள்நாட்டு விற்பனைக்கு ஐந்தாந் தலைமுறையே தொடர்ந்தது. மூக்குள்ள பெரிய உடல் அந்நாட்டின் சிறுவண்டி அளவுக்குள் அடங்காது. யப்பானிலிருந்து வரும் பாவித்த வான்களையே நம்பிய எமக்கும் ஆறாவது பிறவி எட்டாக்கனியாயிற்று.

எட்டாதது அது மட்டுமன்று. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அவ்வைந்தாண்டில் நாட்டிலிருந்த பழைய வான்களின் விலை ஏறியது. முப்பது வயது டொல்பினும் மீண்டும் வர்ணம் பூசப்பட்டு மணக்கோலம் கொண்டது. 2022 இன் எரிபொருள் பஞ்சத்திலே சாரதிமார் வண்டிக்குள்ளேயே உறங்கி நிரைகளில் காத்திருந்தனர். அவ்வாண்டு யூலையில் சதுரக் குறியீட்டு அட்டையும் வாராந்தப் பங்கீடும் வந்தன. பாடசாலை வான் நின்றது. வீட்டுத் தாய்மார் ஈருருளியிலும் கால்நடையிலும் பிள்ளைகளைக் கொண்டுசென்றனர்.

பாடசாலை வானைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு சொல். யப்பானிலிருந்து வந்த வான்களிற் பல சரக்கேற்றும் வகையாகப் பிறந்து, இங்கே ஆசனம் பூட்டப்பட்டவை. அவ்வாசனங்கள் எவ்வாறு தரையில் இறுக்கப்பட்டுள்ளன என்பதை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஆணி நான்கும் இருக்கின்றனவா, ஆட்டினால் ஆடுகின்றதா, பட்டி உண்டா, நடைவழியில் மடக்குக் கதிரை போட்டு வாசலை அடைத்திருக்கின்றதா என்று பாருங்கள். சாரதி கோபிப்பார் என்ற தயக்கம் வேண்டாம். நல்ல சாரதி கோபிக்கமாட்டார். அவரே காட்டித் தருவார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடிப்போருக்கு மற்றுமொரு சொல். தேற்றாத்தீவிலிருந்து அங்கு செல்ல முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வழக்கப்படி கொம்புச்சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அல்லது யூதா ததேயு கோவிலில் மெழுகுதிரி ஏற்றி, மாலையிற் புறப்பட்டு, நள்ளிரவில் ஹபரணையில் தேநீர் குடித்து, விடியுமுன் கட்டாருக்கோ சவூதிக்கோ செல்பவரை இறக்கிவிட்டு, அழுத கண் காயுமுன் திரும்பிவிடுகின்றோம். பின்னாசனங்களில் எல்லோரும் உறங்குகின்றனர். உறங்க முடியாதவர் ஒருவரே. எந்தத் தலைமுறை வண்டியானாலும் அந்த ஒருவருக்கு மாற்று இல்லை. வாடகை பேசும்போதே, திரும்புமுன் சாரதி நான்கு மணி நேரம் உறங்குவதையும் பேசிக்கொள்ளுங்கள். நீர்கொழும்புப் பக்கத்தில் ஒரு மர நிழலைத் தேடி வானை நிறுத்தி, வழுக்குக் கதவைத் திறந்துவிட்டு, நடு ஆசனத்தை அவருக்குக் கொடுங்கள். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பத்து மணிக்குத் திரும்பி வந்தாலும், மாலை விளக்கு வைக்கும் நேரத்தை அண்டி ஊர் சேர்ந்துவிடலாம்.